ஆண் மீன் பொறுக்கிய விரல்

சம்பந்தத்தின் வலதுகை ஆள்காட்டி விரலுக்கு ஆரணியில் இன்னும் சிலை வைக்கவில்லை. மற்ற மரியாதை எல்லாம் செய்தாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு புடவை ஓரத்தை ஒருதரம் வருடினால் போதும், அசல் பட்டா, கலப்பா, எந்தத் தெருத் தறியில் நெய்தது என்று சொல்லிவிடுவார். அந்தப் புடவையைக் கட்டப்போகிறவள் எந்தக் கல்யாணத்தில் போய்ச் சண்டை போடுவாள் என்பதுகூட அந்த விரலுக்குத் தெரியும் என்று கடைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள்.

அப்பேர்ப்பட்டவரின் மருமகன் ராஜ்குமார், பட்டு வியாபாரத்தை உதறிவிட்டு வெம்பாக்கம் பக்கம் மீன்குஞ்சுப் பண்ணை போட்டான். சம்பந்தத்துக்கு அது தொண்டையில் சிக்கிய முள். தன் வீட்டுக்காரர் முதல்முதலாக மீனுக்குச் சினை ஊசி போடுகிறார் என்று மகள் ஜெயப்ரியா சொல்லவே, ஒரு சாயங்காலம் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார்.

"மீனுக்கு இன்னா காய்ச்சலா மாப்ளே, ஊசியும் கையுமா நிக்கிறீங்க?"

"ரோகு ஆத்து மீனு மாமா. புதுவெள்ளம் வந்தாதான் அதும் மூளைக்கு அடியில கீற சுரப்பி முழிச்சிக்கும். அது ரத்தத்துல ஹார்மோனை விட்டாதான் முட்டை பழுத்து எறங்கும். தொட்டியில ஏது வெள்ளம்? அதான் சுரப்பியைத் தட்டி எழுப்புற மருந்தை நாமே ஏத்துறோம்."

"மழையை சீசாவுல அடைச்சிட்டீங்கன்னு சொல்லுங்க!"

ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று பொறுக்க வேண்டும். வயிறு நன்றாக உப்பிய பெண்களை ராஜ்குமாரே முதலில் ஒதுக்கிவிட்டான். ஆணைப் பிரிப்பதுதான் பாக்கி.

"ஆணுக்குக் கன்னத்துக்குப் பின்னால இருக்கிற துடுப்பு சொரசொரன்னு இருக்கும் மாமா. பொண்ணுக்கு வழவழன்னு. அப்புறம் வயித்தை..."

விரலுக்கு வேலை என்று காதில் விழுந்ததும் சம்பந்தம் மீதியைக் கேட்கவில்லை. "விலகுங்க மாப்ளே!" கண்ணை மூடினார். துடுப்பைத் தொட்டார். "ஆணு!" அடுத்தது. "இதுவும் ஆணு! கோணி மாதிரி கீது பாருங்க!"

"வயித்தை அமுக்கினா ஆணுக்குப் பால் வரும் மாமா. அதையும் ஒருதரம்..."

"அதெல்லாம் விரல் இல்லாதவன் செய்ற வேலை."

மாமனார் தொட்டுச் சொன்னதை மறுபடி சோதித்துப் பார்க்கிற மருமகன் ஆரணியில் இன்னும் பிறக்கவில்லை. ராஜ்குமார் அப்படியே ஊசியைப் போட்டான்.

மறுநாள் காலை கிளமெண்ட் வந்துவிட்டார். செய்யார் பக்கம் ஏரி குத்தகைக்கு எடுத்தவர். பண்ணைக்கு முதல் வாடிக்கை. ராத்திரி பண்ணையிலேயே தங்கிவிட்ட சம்பந்தத்தோடு சேர்த்து மூன்று பேரும் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாக மின்ன வேண்டிய முட்டைகள், வேகாத ஜவ்வரிசியாய் வெளுத்துக் கிடந்தன.

"இன்னாபா இது, ஒண்ணுகூட கரு பிடிக்கலையே?"

"மருந்து கெட்டுப் போயிருக்கும்ணே," என்றான் ராஜ்குமார். "பாத்து வாங்கியிருக்கணும். என் தப்புதான்."

சம்பந்தத்துக்குள் ஏதோ நெருடியது. வலையை விட்டு நேற்றைய 'ஆண்' ஒன்றைத் தூக்கி வயிற்றை அமுக்கினார். ஒன்றுமில்லை. அடுத்ததை அமுக்கினார். அதற்கடுத்ததையும். ஒரு சொட்டுப் பால் இல்லை. அத்தனையும் பெண்! ஆயுசு பூராவும் பட்டையே தடவிய விரலுக்குப் பட்டில்லாத எல்லாமே கோணிச்சாக்குதான். வழவழத் துடுப்பையும் சொரசொரப்பு என்று கூவியிருக்கிறது.

நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார். அவன் அவசரமாகத் தண்ணீரைப் பார்த்தான். தெரிந்துதான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான்! சம்பந்தத்தின் முகம் எரிந்த எரிப்பில் நாலு பேருக்குத் தோசை வார்த்திருக்கலாம்.

"மருந்தே பாத்து வாங்கத் தெரியாத ஆள்கிட்ட குஞ்சை நம்பி எப்படிபா வாங்குறது? நான் வேற பண்ணை பாத்துக்கிறேன்." கிளமெண்ட் வண்டியை உதைத்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் விரலின் பேர் பிழைக்கும். மாப்பிள்ளையின் பேர் செய்யார் வரை நாறும். சம்பந்தம் வேட்டி தடுக்க ஓடிப்போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"மருந்து நல்ல மருந்துங்க. ஆணுன்னு சொல்லி பொண்ணா பொறுக்கிக் குடுத்தது நான். அமுக்கிப் பாக்கலாம்னு அவரு சொன்னாரு. நான்தான் விடல." விரலை நீட்டிக் காட்டினார். "இந்தப் பாழாப்போன விரலுங்க."

கிளமெண்ட் சிரித்த சிரிப்பில் வெம்பாக்கத்துக் கொக்கெல்லாம் திருமலை உச்சிக்குப் பறந்தன. "பட்டு சம்பந்தம் நீங்கதானா? மாப்பிள்ளையே இல்லாம கல்யாணத்தை முடிச்சிட்டீங்களே பெரியவரே!" பிறகு வண்டியை நிறுத்தினார். "வேற மீன் இருக்கா தம்பி? சாயங்காலம் போடு. நாளைக்கு வரேன்."

அன்று சாயங்காலம் சம்பந்தம் ஒவ்வொரு மீனையும் அமுக்கித்தான் கொடுத்தார். முதல் ஆண், அவர் வெள்ளைச் சட்டையிலேயே பாலைப் பீய்ச்சியது. துடைத்துக்கொள்ளவில்லை. "மாப்ளே, நீங்களும் ஒருதரம் பாத்துடுங்க," என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த நாள் முட்டை கண்ணாடியாய் மின்னியது. ஆனால் அவர் ஊர் திரும்புவதற்குள் சேதி பட்டுக்கடைத் தெருவுக்கு வந்து காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் குமரேசன் ஒரு புடவையை நீட்டினார்.

"அண்ணே, தொட்டுச் சொல்லுங்க. ஆணா, பொண்ணா?"

தெருவே குலுங்கியது. தறிகள்கூட நின்று சிரித்ததாகச் சொல்கிறார்கள். சம்பந்தம் விரலைச் சட்டைப்பையில் ஒளித்தார். பிறகு மெல்ல வெளியே எடுத்தார். வருடினார், இந்தத் தரம் கண்ணைத் திறந்துகொண்டே.

"பட்டுதாம்பா," என்றார், தரையைப் பார்த்து. "எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுக்கோ."