லிட்டருக்கு ஏழு

ஏ.சி. ரிப்பேர் செய்கிறவருக்கு ஒரு கருவிப் பையும் ஒரு கேஸ் சிலிண்டரும் இருந்தால் போதும். நம் மனிதரோ மூன்று டன் இழுக்கும் டீசல் பிக்கப் வண்டி வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால், "ஒரு நாள் தேவைப்படும்" என்பார். அந்த ஒரு நாள் ஆறு வருஷமாக வரவில்லை. டீசல் போடும் நாள் மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை தவறாமல் வந்தது.

கடைசியில் மனைவி கெடு வைத்தாள். அவளுக்குப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை. தினமும் காலையில் இந்த வண்டியில்தான் போய் இறங்குவாள். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் ஓடுகிற யானையைக் கட்டித் தீனி போட முடியாது, ஒரு மாதத்துக்குள் ஏழு ஓட வேண்டும், இல்லையென்றால் விற்றுவிட்டுச் சின்ன வேன் வாங்கலாம் என்றாள். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவருக்கு நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

மறுநாளே ஆராய்ச்சி தொடங்கியது. டீசல் குழாயில் காந்தம் கட்டினார். காந்தம் பத்திரமாக இருந்தது, டீசல் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. டேங்கில் ஏதோ நீல மருந்தை ஊற்றினார். காற்றைத் தடுக்கிறது என்று பக்கக் கண்ணாடியைக் கழற்றினார். பின்னால் வந்த பஸ் டிரைவர் அவருடைய பரம்பரையையே விசாரித்த பிறகு திரும்ப மாட்டினார். பின்தொட்டியில் செத்துப்போன கம்ப்ரஸர்களும் துருப்பிடித்த ஏ.சி. பெட்டிகளும் கல்லாகிவிட்ட சிமெண்ட் மூட்டைகளுமாக அறுநூறு கிலோ கிடந்தது. அதன்மேல் கை வைக்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் தேவைப்படுமே.

டயர்க் கடைக்காரர் சின்ன டயர் போட்டால் லேசாக ஓடும் என்றார். போட்டார். அந்த வாரம் மீட்டர் காட்டிய தூரத்தை டீசலால் வகுத்துப் பார்த்தால், சரியாக ஏழு! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் இறங்குமுன் மனைவி மீட்டரைப் பார்த்தாள்.

"என்னங்க, வீட்டுலேர்ந்து இங்க எப்பவும் இருபது கிலோமீட்டர்தானே? இன்னைக்கு இருபத்தி மூணு காட்டுது."

"ஆமா, அதுக்கென்ன?"

"ஸ்கூல் நகர்ந்துடுச்சா, இல்ல நம்ம வீடா?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளை. சின்னச் சக்கரம் அதிகம் சுற்றும். வண்டி ஓடாத தூரத்துக்கும் சேர்த்துத்தான் அவர் ஊரெல்லாம் பெருமையடித்திருந்தார்.

கெடுவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. பழைய டயர்களை மாட்டினார். வேறு வழியில்லாமல், பெற்ற பிள்ளையைப் பிரிகிறவர் மாதிரி, தொட்டியில் இருந்த அத்தனையையும் கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில் இறக்கினார். சிமெண்ட் கட்டிகளைக் கடைக்காரர் மூலையில் போடச் சொன்னார். அதன்பிறகு ஓட்டிப் பார்த்ததில் லிட்டருக்கு ஏழே கால். இந்தத் தடவை நிஜமான ஏழே கால்.

மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். அவள் காலித் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பின்னாடி ஒண்ணுமே இல்லாததாலதான் ஏழு வந்துச்சா?"

"அதேதான்," என்றார் பெருமையாக.

"அப்போ ஒண்ணுமே ஏத்தாத ஆளுக்கு இவ்ளோ பெரிய வண்டி எதுக்குங்க?"

மனிதர் வாயைத் திறந்தார். ஆறு வருஷமாகக் கைவசம் இருந்த பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. இவ்வளவு பெரிய வண்டி தேவைப்பட்ட அந்த ஒரு நாளும் முந்தாநாள் வந்து போய்விட்டிருந்தது, பழைய இரும்புக் கடை வாசலில்.