அடையாளம் இல்லாமல் அடிப்பதில்லை

மருந்துக் கிடங்கில் அவளை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். பொதி கட்டும் பிரிவில் இருந்த நாத்தனார் சுண்டு ஆரம்பித்து வைத்தது, தலை நரைத்த ஸ்டோர்கீப்பர் வரை ஒட்டிக்கொண்டது. வாசல் கதவைத் திறக்கும் கார்டுகளுக்கு உயிர் கொடுப்பதும் எடுப்பதும் அண்ணியின் வேலை. மதிய இடைவேளையில், கவிழ்த்த பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து கதை நடத்துவது அவள் ஆசை. அந்தக் கதையில் சுண்டு வில்லாளி, ஸ்டோர்கீப்பர் மந்திரவாதி. என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர்கள் சொல்வார்கள். எதிரே என்ன காத்திருக்கிறது என்பதை அண்ணி சொல்வாள். பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

பதுங்கித் தாக்கும் கட்டங்களில்தான் அண்ணிக்குப் பேர். கவனிக்காதவர்களுக்கு முதல் சுற்று கிடையாது. அடி வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆனால் அடையாளம் இல்லாமல் யாரையும் அடிப்பதில்லை என்று அவள் சட்டம் வைத்திருந்தாள். பறவைச் சத்தம் நின்றிருக்கும், புழுதியில் புதிய தடம் இருக்கும். அதைக் கவனித்தார்களா என்று பார்க்க ஒரு பகடை உருட்டல் உண்டு. கண்டுகொண்டவர் கத்தி மற்றவர்களை எச்சரிக்கலாம், ஆனால் முதல் அம்பு அவர் மேல்தான் பாயும். சுண்டு ஒருமுறைகூடக் கத்தாமல் இருந்ததில்லை. வாயருகே கையைக் குவித்து நிஜமாகவே கத்துவாள்.

அன்று காலை மேலாளர் அண்ணியை உள்ளே கூப்பிட்டு, வேலையை விட்டு நீக்கப்போகும் நான்கு பேரின் பெயரைச் சொன்னார். நாளையிலிருந்து அவர்கள் கார்டு வேலை செய்யக் கூடாது. சுண்டு அதில் இருந்தாள், ஸ்டோர்கீப்பரும் இருந்தார்.

"விஷயம் வெளிய போச்சுன்னா அஞ்சாவது கார்டு உங்களோடதும்மா."

அண்ணியின் கணவன் இடுப்பொடிந்து படுத்த படுக்கையாக இருந்தான். அவனோடு சேர்த்து வீட்டில் மூன்று பேரையும் தாங்குவது அண்ணி, சுண்டு இருவரின் சம்பளம்தான். சுண்டுவுக்கு மட்டும் சொல்லலாம். ஆனால் சுண்டு வாயில் எது நிற்கும்? ஸ்டோர்கீப்பர் முகத்தைப் பார்த்த மறுநிமிஷம் கொட்டிவிடுவாள். அவளுடைய நல்ல குணத்துக்கே தான் பயப்படுவது அண்ணிக்குப் புரிந்தது. புரிந்தும் பயம் போகவில்லை.

மதியம் கதையை மாற்றினாள்.

"போர் முடிஞ்சு உங்க கோட்டைக்குத் திரும்பி வர்றீங்க. கதவு சாத்தியிருக்கு. சுண்டு, உருட்டு."

"நம்ம கோட்டையிலயா? அங்க எதுக்கு?" பகடை பத்தொன்பதில் நின்றது.

"காவல்காரன் உன் முகத்தைப் பார்க்க மாட்டேங்கிறான்."

"வெக்கமா இருக்கும் பாவம்."

ஸ்டோர்கீப்பர் சிரித்ததில் டீ சிந்தியது. "உன்னைப் பார்த்தா யாருக்கும்மா வெக்கம் வரும்? பயம் வேணா வரும்."

"உனக்குத் தெரிஞ்சவன், சுண்டு. தினமும் கதவு திறந்துவிடுறவன். இன்னைக்கு மட்டும் தலை குனிஞ்சு நிக்கிறான்." அண்ணியின் குரல் லேசாகத் தடுக்கியது.

"சூப்பரா நடிக்கிறீங்க அண்ணி. நான் நேரா போய்க் கதவைத் தட்டுறேன்."

சுவர் மேலிருந்து சொந்தப் படையே அம்பு விட்டது. வில்லாளி விழுந்தாள். இத்தனை நாளில் இதுதான் உச்சம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அப்போது சுண்டுவின் போன் அடித்தது. அவளுக்கு வேலை தருவதாகச் சொன்ன வேறொரு கம்பெனியிலிருந்து. பதில் சொல்லாமல் ஒரு வாரமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சொல்றேன்னு சொல்லேன்," என்றாள் அண்ணி.

"இன்னைக்குத்தான் கடைசியாம். ஏன் அண்ணி?"

இப்போது சொல்லிவிடலாம். ஸ்டோர்கீப்பர் எதிரே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"மன்னிச்சுக்கோங்க மேடம்," என்றாள் சுண்டு போனில். "நான் இங்கயே இருந்துக்கிறேன். இங்க எல்லாரும் வீட்டு ஆளுங்க மாதிரி." அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அண்ணி நான்கு கார்டுகளையும் கணினியில் முடக்கினாள். சுண்டுவுடையதைக் கடைசியில் முடக்கினாள். கடைசியில் செய்ததால் என்ன லாபம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

காலையில் வாசல் கண்ணாடிக்குப் பின்னால், கணினித் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பீப் சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கு.

"அண்ணி, கார்டு கோவிச்சுக்கிச்சு." சுண்டு அதைத் துப்பட்டாவில் தேய்த்து மறுபடி வைத்தாள். மறுபடி சிவப்பு. "அண்ணி. இங்க பாருங்களேன்."

அண்ணி பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான், அது முடியவில்லை. கண்ணாடிக்கு வெளியே பேச்சு நின்றுபோனது. சுண்டு நேற்றைய கதையின் காவல்காரனை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அண்ணிக்குத் தெரிந்தது.

காலடி விலகியது. அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். முதுகுதான் தெரிந்தது. தெருமுனையில் ஸ்டோர்கீப்பர் சாப்பாட்டுப் பையோடு, சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தபடி வந்துகொண்டிருந்தார். சுண்டு அவர் பக்கம் திரும்பி, வாயருகே கையைக் குவித்திருந்தாள்.