பால் இடைவேளை

விடியும் முன்பே சலவை ஆலையின் கொதிகலன் உறுமத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிப் போர்வைகள் ஈரம் சொட்டச் சொட்ட வண்டியில் வந்து இறங்கின. அவற்றை உதறிச் சுடுகிற உருளைகளுக்குள் செலுத்துவது அவள் வேலை. கையைத் தூக்கும்போதெல்லாம் மார்பு விண்ணென்று தெறித்தது. சட்டையின் முன்புறம் நனைந்துவிட்டது.

பிள்ளையைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. பால் மட்டும் நிற்காமல் சுரந்தது.

நேற்று சுகாதார நிலைய நர்ஸ் சொன்னாள்: "அடக்கி வச்சா சீழ் பிடிச்சிடும்மா. கொஞ்சம் கொஞ்சமா பீய்ச்சி எடு. தானா வத்தும்."

"எப்போ வத்தும்?"

"ஆளுக்கு ஆள் வேற. பிள்ளையைப் பறிகொடுத்தவங்களைப் பத்தி யாரும் அதிகமா ஆராயல."

"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா அதுக்கேத்த மாதிரி பாலே மாறும்னு சொல்றாங்களே, நிஜமா?"

நர்ஸ் தயங்கினாள். "மாறுதுன்னு பார்த்திருக்காங்க. எதனால மாறுது, எவ்வளவு உதவும்னு இன்னும் முழுசாத் தெரியல."

அந்தப் பதில்தான் அவளை அறுத்தது. மகன் காய்ச்சலில் துவண்டு கிடந்தபோது அவள் இங்கே நின்றிருந்தாள். அவனுக்கென்று சுரந்ததைக் கழிவறையில் பீய்ச்சிக் கொட்டினாள். அவனைக் காப்பாற்றும் ஏதோ ஒன்று அதில் இருந்ததா? சொல்ல ஆளில்லை.

வலி பொறுக்காமல் ஓய்வறைப் பக்கம் நடந்தாள். முதலாளி குறுக்கே வந்தார்.

"எங்கே?"

"பால் இடைவேளை, சார்."

"அது பிள்ளை இருக்கிறவங்களுக்கு. உனக்குத்தான் இல்லையேம்மா."

எதிரே போர்வை மடித்துக்கொண்டிருந்த நிறைமாதக்காரி உருளையின் சுவிட்சை அணைத்தாள்.

"இருந்தப்போ மட்டும் விட்டீங்களா சார்? வீட்டுக்குப் போய் பால் குடுத்துட்டு வரேன்னு கேட்டதுக்கு, ஆர்டர் முடியட்டும்னீங்க."

"நீ உன் வேலையைப் பாரு."

"அதைத்தான் பார்க்கிறேன். அடுத்த மாசம் நானும் இதே நிலைமையிலதானே நிக்கணும்? பிள்ளைங்களை வச்சுக்க இங்கேயே ஒரு ரூம் வேணும். அதுவரைக்கும் மிஷின் ஓடாது."

"மிஷின் நின்னா எல்லாருக்கும் சீட்டுக் கிழியும்."

"கிழிங்க," என்றார் கொதிகலன்காரர். நெருப்பைத் தணித்துவிட்டு வந்திருந்தார். உருளைகள் ஒவ்வொன்றாய் அடங்கின.

பெண்கள் அவளை ஓய்வறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தார்கள். முதலாளி போனில் புது ஆட்கள் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

உள்ளே, சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அவள் பீய்ச்சினாள். புதைத்த அன்றுகூட வராத அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

வெளியிலிருந்து நிறைமாதக்காரியின் குரல் கேட்டது: "மெதுவா வாக்கா. நாங்க யாரும் எழுந்திருக்கப் போறதில்ல."