பதினொரு துண்டு

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பழைய ஒலிநாடாக்களைச் சீர்செய்யும் நாடாக்காரன். முப்பது வருடமாக உலகம் தலையில் தூக்கிவைத்து ஆடும் ராக் இசைக்குழுவின் கிட்டார்காரன். எல்லாருக்கும் அவன் ‘புயல்’. புயலின் தங்கை, குழுவின் நிர்வாகி. அவள் கணவன், அந்தக் குழுவில் ஒரே ஒரு வருடம் வாசித்துவிட்டு இப்போது பேருந்து ஓட்டுபவன்; ‘மாப்ள’ என்பதைத் தவிர அவனுக்கு அங்கே வேறு பெயர் புழங்கியதில்லை.

மாப்ளைக்கு வேண்டியது ஒன்றுதான். குழுவுக்குப் புகழ் வாங்கித்தந்த அந்த நாற்பது நொடி கிட்டார் வாசிப்பில் பெரும்பகுதி தன்னுடையது, அந்தப் பாட்டு உள்ள இசைத்தட்டின் மறுவெளியீட்டு உறையில் தன் பெயர் வரவேண்டும். உறை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகிறது. மணி மூன்றரை.

“படம் ஓடிட்டா டிக்கெட் கிழிச்சவன்கூட நான்தான் ஓட்டினேன்ம்பான்,” என்றான் புயல்.

“நீ டிக்கெட்டும் கிழிக்கல மச்சான். குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்த.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க,” என்றாள் தங்கை. “அந்தப் பாட்டோட மூல நாடா ஓடட்டும்.”

முப்பது வருடமாகக் கணவன் இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் “சரிங்க” என்று மட்டும் சொல்லி வந்திருக்கிறாள். அந்த “சரிங்க”வில் ஒரு துளி நம்பிக்கையும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். உறையில் பெயர் வருவதைவிட அதுதான் அவனை அரித்தது.

நாடாக்காரன் யார் பக்கமும் இல்லை. பெரிய ராக் குழுக்களின் புகழில் முக்கால்வாசி காற்றடித்த பலூன் என்று பார்ப்பவரிடமெல்லாம் மல்லுக்கு நிற்பவன். “அப்போ அந்த நாப்பது நொடி?” என்று கேட்டால் மட்டும் வாயடைத்துப்போவான். அது புயல் ஒரே மூச்சில், வெட்டாமல் ஒட்டாமல் வாசித்தது என்பது ஊரறிந்த கதை. அதை அவனும் நம்பினான்.

பழைய நாடாவின் பூச்சு இளகிப் பிசுபிசுக்கும். ஓட்டுவதற்கு முன் சூட்டுப்பெட்டியில் எட்டு மணிநேரம் இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். நடுவில் ஒட்டுப்போட்ட இடங்கள் இருந்தால் அந்தச் சூட்டில் பசை காய்ந்துவிடும். புது ஒட்டுப் போடாமல் ஓட்டக்கூடாது. அதற்காகவே அவன் ஒரு படிவம் வைத்திருந்தான். ‘நாடாவில் ஒட்டு உண்டா?’ என்ற கேள்விக்குப் புயல் தன் கைப்பட எழுதியிருந்தான்: ‘கிடையாது. ஒரே டேக்.’ கீழே கையெழுத்து.

பெரிய மனிதர் எழுதியிருக்கிறார் என்று நாடாக்காரன் பிரித்துப் பார்க்கவில்லை. அது அவன் தப்பு.

பாட்டு தொடங்கியது. கிட்டார் எழும்பும் இடம் வந்தது. சட்டென்று ஒரு சொடுக்கு. நாடா அறுந்து, சுழலும் சக்கரத்தில் அதன் முனை படபடவென்று அடித்தது. அவன் பாய்ந்து நிறுத்தினான். அறுந்த முனையில் சருகாய்க் காய்ந்த ஒரு வெள்ளை ஒட்டு.

“இது பிய்யல சார். ஒட்டு விட்டிருக்கு.”

புயல் ஜன்னலைப் பார்த்தான்.

நாடாக்காரன் மெதுவாகக் கையால் சுற்றினான். இரண்டு கைநீளத்துக்கு ஒன்றாக, விரல் பட்டதும் ஒட்டுகள் உதிர்ந்தன. வரிசை மாறாமல் மேசையில் பரப்பினான். பதினொரு துண்டு. ஒவ்வொன்றின் முதுகிலும், வெட்டி ஒட்டியவன் அடையாளத்துக்காக மஞ்சள் மெழுகுப் பென்சிலால் எழுதியிருந்தான். நான்கில் ‘புயல்’. ஏழில் ‘மாப்ள’.

தங்கை குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

“அண்ணா, தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டியா?”

“பழைய கதை.” புயல் நாடாக்காரனிடம் திரும்பினான். “ஒட்டு தம்பி. ஒட்டிட்டு வாயை மூடிக்க.”

மாப்ள அந்த ஏழு துண்டுகளையும் எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டான். முகத்தில் சிரிப்பில்லை. “என்னோடத நான் எடுத்துட்டுப் போறேன். மிச்சத்த நீ ஒட்டிக்க மச்சான்.”

“சார், கையில பிடிக்காதீங்க, கசங்கிடும்,” என்றான் நாடாக்காரன். யாரும் கேட்கவில்லை. கசங்கினால் அதோடு போயிற்று. மூலம் இந்த ஒன்றுதான்.

“உன் பேரைப் போட்டா முப்பது வருஷம் மேடையில நான் நின்னது என்னடா?” என்றான் புயல்.

“நின்னதுதான்.”

மாப்ள கதவுப் பிடியில் கை வைத்தான். தங்கை உறையின் அச்சுப் படியைப் பையிலிருந்து எடுத்து, புயலின் பெயருக்கு மேலே கணவனின் முழுப்பெயரை எழுதினாள். பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது.

“வாங்க, கழட்டி வைங்க,” என்றாள். பிறகு மெதுவாக, “நான் நம்பியிருக்கணும்.”

அவன் ஒவ்வொன்றாகக் கழற்றி அதனதன் இடத்தில் வைத்தான்.

“அப்ப என் பேர எடுத்துடு,” என்றான் புயல்.

“எதுக்குண்ணா? உனக்கும் நாலு துண்டு இருக்கே.”

புயல் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தான். வாசலில் நாடாக்காரன் கேட்டான்: “சார், இதை வெட்டி ஒட்டினது யாரு?”

நாற்பது நொடியில் பத்து வெட்டு, ஒன்றுகூடக் காதில் படவில்லை. நாடாக்காரன் இத்தனை வருடம் வாயடைத்துப்போனது வெட்டி ஒட்டிய அந்தக் கைக்குத்தான்.

புயல் யோசித்தான். “பேர் ஞாபகமில்ல. ஒல்லியா ஒருத்தன்.”

ஒட்டும் வேலை நடக்கும்போது காற்று உள்ளே வந்தால் துண்டுகள் பறந்துவிடும். புயல் வெளியே போனதும் நாடாக்காரன் கதவைச் சாத்திப் பூட்டினான்.