கமாலுதீன் பதக்கம்

கமாலுதீன் சார் ஓய்வு பெறும் நாளில் வெளியிடுவதற்காகத் தயாராகிக்கொண்டிருந்த பாராட்டு மலரில் முதல் கட்டுரை நான் எழுதியது. அதன் அச்சுப் புரூப்பை அவர் எப்படியோ வாங்கி வந்து என் மேசைமேல் போட்டார்.

"என்னலே இது?"

1966 மார்ச் மாதம். அப்போது நான் அதே கல்லூரியில் வணிகவியல் டியூட்டர். பெயர் சோலைச்சாமி. மாணவனாக இருந்தபோது அவருடைய கால்பந்து அணியில் கோல்கீப்பர். விருதுநகரில் கல்லூரி ஆரம்பித்ததிலிருந்து பத்தொன்பது வருடம் அவர்தான் கோச். அந்தப் பத்தொன்பது வருடத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோப்பை. 1957இல் மதுரையில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஆமத்தூர் பெத்தணன் அடித்த கோலால் வந்தது அது. முழங்கால் வீங்கிய நிலையிலும் வெளியேற மறுத்து ஆடி, கடைசி நிமிடத்தில் கோல் போட்டுவிட்டு அங்கேயே சுருண்டு விழுந்தான். விருதுநகரில் டீக்கடைக்காரருக்குக்கூட இந்தக் கதை தெரியும். கமாலுதீன் சார் மாணவர்களுக்கு ஊட்டிய வீரம் என்று அதைத்தான் நானும் எழுதியிருந்தேன்.

"என்ன சார் தப்பு?" என்றேன்.

"அவனாவா ஆடுனான்? நீ பாத்தயா?"

அந்த ஆட்டத்தில் நானும் ஆடினேன்; ஆனால் இடைவேளையில் அவர்கள் பேசியதை நான் பார்க்கவில்லை. அப்போது விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளப் போயிருந்தேன்.

"முடியல சார், கால ஊன முடியலன்னு கும்பிட்டான்லே. பத்து வருசமா ஒரு கப்பு வாங்கல, கோச்ச மாத்தணும்னு நிர்வாகத்துல பேச்சு. அந்தப் பயம் எனக்கு. ஒருத்தன் உக்காந்தா இன்னொருத்தன எறக்க முடியாது, பத்துப் பேரோடதான் ஆடணும். இப்ப உக்காந்தேன்னா ரயில்வே டீமுக்கு உனக்கு சிபாரிசு லெட்டர் தரமாட்டேன்னு சொன்னேன். அதுக்குத்தான் ஆடுனான்."

அப்போது சொன்னபடியே லெட்டரைக் கொடுத்தார். ஆனால் அதை எடுத்துக்கொண்டு போகக் கால் இல்லை. பெத்தணனின் முழங்கால் அதன்பிறகு மடங்கவே இல்லை.

"இத அப்படியே எழுது. இல்ல, கட்டுரைய எடுத்துரு" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மலர் சிவகாசியில் அச்சாகிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறினோம். அச்சகத்துக்காரர் சாயங்காலத்துக்குள் சொன்னால் மாற்றித் தருவதாகச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். நான்தான், "பெத்தணன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம் சார். அவனப் பத்தின விசயம்ல" என்றேன்.

அவன் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வெம்பக்கோட்டை போகிற வழியில் இருந்தது. வாசலில் காவல்காரர் எங்கள் சட்டைப்பைகளைத் தட்டி, தீப்பெட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் உள்ளே விட்டார். பெத்தணன் ஒரு வேப்பமரத்தடியில் நின்று லாரிக்கு லோடு ஏற்றுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தான். வலது காலைக் கட்டைபோல் நீட்டி ஊன்றியபடி எங்களிடம் வந்தான்.

"வாங்க சார். நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?"

சார் நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னார். விழா மேடையில் தானே உண்மையைச் சொல்லப்போவதாகவும் சொன்னார். பெத்தணன் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் சார்" என்றான்.

"ஏன்லே? நான் செஞ்சது தப்புன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன. ஒம்பது வருசமா தெரியும். இங்கனதான் இருக்கேன், பதினாறு மைலு. ஒரு நா வந்து கேட்டீகளா?"

சார் அவனுடைய வலது காலைப் பார்த்தார்.

"எங்க முதலாளி அந்த மேட்ச பாத்தவரு. அதுக்காகத்தான் இந்த வேல குடுத்தாரு. ஆர்டர் எடுக்க வர்றவுக எல்லார்கிட்டயும் என்னையக் கூப்பிட்டுக் காட்டுவாரு, இவன்தான் கால ஒடிச்சுக்கிட்டுக் கோல் போட்டவன்னு. நொண்டிக்குப் பொண்ணு குடுத்ததும் அதுக்குத்தான். எம் பொண்டாட்டி பஞ்சம்மாள் அத அம்புட்டுப் பெருமையாச் சொல்லுவா. இப்பப் போயி, லெட்டருக்குப் பயந்து அழுதுக்கிட்டே ஆடுனான்னு ஊருக்குச் சொல்லப்போறீகளா? உங்களுக்கு மனசு லேசாயிரும். எனக்கு என்ன சார் மிஞ்சும்?"

லாரியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "கலர் சோடா குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். நாங்கள் குடிக்கவில்லை. அச்சகத்துக்கும் போகவில்லை; கட்டுரை அப்படியே அச்சானது. பஸ்ஸில் சார் முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தார். விருதுநகரில் இறங்கியதும், "உன்னய யாருலே அவன்கிட்டக் கேக்கச் சொன்னது?" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

விழாவுக்குப் பெரிய கூட்டம். கல்லூரி முதல்வர் பேசி முடிக்கும்போது ஓர் அறிவிப்பு செய்தார். கமாலுதீன் பெயரில் ஆண்டுதோறும் ஒரு தங்கப் பதக்கம். காயம்பட்டும் களத்தைவிட்டு வெளியேறாமல் ஆடும் மாணவனுக்கு அது வழங்கப்படும். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. சாரின் முகம் கறுத்துவிட்டது.

மைக்கின் முன்னால் வந்தார். பெத்தணனைப் பற்றிச் சொல்ல முடியாது. அதைச் சொல்லாமல் மற்றதை எப்படிச் சொல்வது என்று அவர் தடுமாறியது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"இந்தப் பதக்கம் வேண்டாம். அடிபட்டவன உக்கார வைக்கணும். அதுதான் கோச்சோட வேல. நான் அதச் செய்யல" என்றார்.

கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. முதல்வர் எழுந்து வந்து, "பாருங்கள், எவ்வளவு அடக்கம்!" என்று சொல்லி அவர் கழுத்தில் இன்னொரு மாலையைப் போட்டார்.

அதன்பிறகு அவர் முதல்வருக்கு நான்கு கடிதங்கள் எழுதினார். நிர்வாகக் குழுவில் இருந்தவர்களின் வீடு வீடாகப் போய் பதக்கத்தின் விதியை மாற்றச் சொன்னார். எல்லோரும் உட்காரவைத்து உபசரித்தார்கள். யாரும் மாற்றவில்லை. "பெரிய மனுசன், புகழே பிடிக்காது" என்று ஊரில் அவர் பெயர் இன்னும் கூடியதுதான் மிச்சம்.

1967 ஜனவரியில் எங்கள் மைதானத்தில் அரையிறுதி ஆட்டம். புதிய கோச் ஜெயச்சந்திரன், கமாலுதீன் சாரிடம் ஆடிப் பழகியவர்தான். ஆட்டம் சமநிலையில் இருந்தபோது இடது ஓரத்தில் ஆடும் எங்கள் லெஃப்ட் அவுட் பையன் ஒச்சப்பனுக்குக் கணுக்காலில் அடி. எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினான். "ஆடுலே! பதக்கம் உனக்குத்தான்லே!" என்று மாணவர்கள் கத்தினார்கள்.

சார் ஜெயச்சந்திரனிடம் போனார். "அவன வெளிய எடு."

"இன்னும் இருவது நிமிசம்தான் சார். நீங்க சொல்லிக் குடுத்ததுதான?"

அதைக் கேட்டதும் சார் திரும்பி நேராக மைதானத்துக்குள் நடந்தார். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ரெஃப்ரி விசில் ஊதினார். சார் நிற்கவில்லை. ஒச்சப்பனின் கையைப் பிடித்து இழுத்தார். அவன் உதறினான். அப்படியே அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அந்த வயதில், கோட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். மாணவர்கள் ஊளையிட்டார்கள். ஒரு வாழைப்பழத் தோல் அவர் முதுகில் வந்து விழுந்தது.

பத்துப் பேரோடு ஆடி இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.

ஆஸ்பத்திரியில் ஒச்சப்பனுக்கு எலும்பில் கீறல் என்றார்கள். ஒரு மாதம் மாவுக்கட்டு. அதற்குமேல் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் கல்லூரியில் எல்லோரிடமும் சொன்னேன். யாருக்கும் காதில் ஏறவில்லை. கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது, தான் போனபிறகு கப்பு வரக் கூடாது என்று பொறாமை என்று பேசினார்கள். மைதானத்துக்கு வரவேண்டாம் என்று முதல்வர் மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினார்.

சார் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு ஒச்சப்பனைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"எம் பதக்கத்தக் கெடுத்துட்டீகளே சார்" என்றான்.

"கால் இருக்குல்ல?" என்றார் சார்.

சார் பழங்களை ஸ்டூலில் வைத்துவிட்டு, அவன் திரும்புவான் என்று ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.