முட்டை போடாத தகரக் கோழி

"கோழிக்கு உடம்பு சரியில்லேன்னா கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா, என்கிட்ட ஏன் வர்றீங்க?" என்றார் கடிகாரக்காரர். சொல்லிவிட்டுத் தானே சிரித்தும் கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை கடைச் சாவியை ஒப்படைத்தாக வேண்டும்.

கோழி என்றால் நிஜக் கோழி இல்லை. இடுப்பு உயர இரும்புப் பெட்டி, அதன்மேல் கண்ணாடிக் கூண்டு, உள்ளே சிவப்புக் கொண்டையுடன் ஒரு தகரக் கோழி. காசைப் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால் கொக்கரித்து, உடம்பைக் குலுக்கி, மிட்டாய் அடைத்த தகர முட்டை ஒன்றை இடும். அப்பாவின் செருப்புக் கடைக்குப் பாதிப் பேர் வந்ததே பிள்ளைகள் இந்தக் கோழிக்காக அடம்பிடித்ததால்தான். முப்பத்தோரு வருடமாக அது முட்டை போடவில்லை.

கடையை விற்றாயிற்று. கடைக்குப் பின்னறையில் தனியாக இருந்த அப்பா, இரண்டு முறை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். மூன்றாவது முறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னார். என் வீட்டில் அவருக்கு அறை தயார். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூடப் பதித்துவிட்டேன். ஆனால் அவர் நகர்ந்தால்தானே?

"கோழி ஒரு முட்டை போடட்டும். அப்புறம் வரேன்."

"முப்பது வருஷமா அதைத் தொடவே விடலையேப்பா?"

"இப்ப விடறேன்ல?"

அவ்வளவுதான். பிடித்தால் உடும்புப் பிடி.

பூட்டுக்காரர் வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்து, முதுகை அறுத்து மோட்டார் வைத்துவிடலாம் என்றார். பழைய சாமான் வியாபாரி, பழுது பார்ப்பதை விட்டுவிட்டு விலை பேசினார். தையல் மிஷின் மெக்கானிக் அரைமணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு போனார். போகும்போது எல்லாருமே ஒரே ஆளைத்தான் சொன்னார்கள்.

"காசு டாக்டரைக் கூப்பிடுங்க. எடை மிஷின், டிக்கெட் மிஷின், காசு போட்டு ஓடுற எதுவா இருந்தாலும் அவர் கைக்குத்தான் அடங்கும்."

தெரியும். காசு டாக்டர் என் சித்தப்பா. அவரைத் தவிர வேறு யாராவது கிடைக்கமாட்டார்களா என்றுதான் நான் நாய் மாதிரி அலைந்துகொண்டிருந்தேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோழியைக் கெடுத்தது நான். ஒன்பது வயதில் முட்டை ஆசை. கையில் காசு இல்லை. சீருடையின் பித்தளைப் பொத்தானைப் பிய்த்துத் துளையில் போட்டுத் திருப்பினேன். கோழி ஒரு முறை விக்கி அப்படியே நின்றுவிட்டது. பெட்டிச் சாவி சித்தப்பாவிடம் இருந்தது. காசுக்காக அவர்தான் உள்ளே நோண்டிவிட்டார் என்று அப்பா கடை நடுவில் நாலு பேர் முன்னால் அவரை அறைந்தார். சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வெளியே போன சித்தப்பா அதன்பின் எங்கள் பக்கம் வரவேயில்லை. நான் செருப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை வரை தாக்குப்பிடித்தேன். அதற்குமேல் வழியில்லாமல் விசாரித்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனேன். யாருக்கு, எதற்கு என்று எதுவும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

அப்பா அவரைப் பார்த்ததும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆனால் சாவியைத் தரையில் போட்டார், சித்தப்பாவின் கைக்கு எட்டும்படி. சித்தப்பா பெட்டியைத் திறந்து, காசு உருளும் பாதையைக் கழற்றினார். வளைந்த கம்பி ஒன்றை விட்டு மெதுவாக நெம்பினார். பொத்தான் அவர் உள்ளங்கையில் விழுந்தது. பின்பக்க வளையம் அப்படியே இருந்தது, அதுதான் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. துடைத்து, அப்பாவுக்குத் தெரியாமல் என் கையில் வைத்தார்.

"அன்னைக்கே பார்த்தேன். உன் சட்டையில மூணாவது பட்டன் இல்ல," என்றார் மெல்லிய குரலில்.

"அப்ப ஏன் சித்தப்பா சொல்லல?"

"எனக்கு விழுந்த அறை உனக்கு விழுந்திருந்தா தாங்கியிருப்பியா?"

சொல்லிவிட்டு எண்ணெய் விடத் தொடங்கினார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அரைமணி நேரத்தில் கோழி கொக்கரித்தது. அப்பாவின் நாற்காலி திரும்பியது. முட்டை தட்டில் வந்து விழுந்ததும் சின்னப் பையன் மாதிரி எழுந்து வந்து எடுத்தார். உலுக்கிப் பார்த்தார். உள்ளே பழைய மிட்டாய் கல்லாய் உருண்டது.

"கெடுத்தவனே சரி பண்ணிட்டான்," என்றார் சித்தப்பாவைப் பார்த்து. "போகட்டும் விடு. பழசை நானும் மறந்துடறேன்."

சித்தப்பா தலையாட்டினார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், காரியம் முடிந்தது. வண்டி வாசலில் நின்றது, அப்பாவின் துணிப்பை என் தோளில் இருந்தது. ஆனால் அந்தத் தலையாட்டலை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, அவர் கெடுக்கல. நான்தான்." பொத்தானை அவர் கையில் வைத்தேன்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளிக்கூட முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இதுக்காடா உன்னை..." என்று சித்தப்பாவைப் பார்த்து ஆரம்பித்தவர், முடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார். என் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

"கோழியை வண்டியில ஏத்துங்க. நான் இவன்கூடப் போறேன்."

"அப்பா, உங்களுக்கு அறையெல்லாம்..."

"இருக்கட்டும்மா. இவன்கூடக் கொஞ்ச நாள் இருக்கணும்."

சித்தப்பா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அப்பா காதிலேயே வாங்கவில்லை. கோழியை நாங்கள் இரண்டு பேரும்தான் தூக்கி ஏற்றினோம். அப்பா முன்சீட்டில் ஏறி, முட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க போகணும் பெரியவரே?" என்றார் வண்டிக்காரர்.

பதில் சொல்ல அப்பா வாயைத் திறந்தார். பிறகு மெதுவாகப் பின்னால் திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"உன் வீடு எங்கடா இருக்கு?"