கப்பின் அடியில் ஓர் இலை

"அழிடி. இப்பவே என் கண்ணு முன்னாடி அழி."

"முடியாது."

"முடியாதா? யாரு வூட்டு கம்ப்யூட்டர்ல உக்காந்து யாரு வூட்டு மானத்த எழுதுற?"

"என் மானத்தையும் சேத்துத்தான் எழுதுனேன். அதப் பத்தி இந்த வூட்டுல யாரும் கேக்கல."

நந்தகுமாரின் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. அவர் மனைவி அமுதவள்ளியின் குரல் ஐந்து வீடு தாண்டிக் கேட்டது. பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அந்தக் குரல் வாசற்படியைத் தாண்டியது அதுவே முதல் தடவை. அதனால் எதிர் வீட்டில் மிக்ஸியை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

மாமியார் சொர்ணாம்பாள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "நான் காபிக்கு ரெண்டாந்தரம் சக்கர கேட்டத அமெரிக்காவுல எவனோ படிச்சுட்டு சிரிச்சானாம். எனக்குச் சக்கர வியாதின்னு இந்தத் தெருவுல ஒருத்திக்கும் தெரியாதே, கடவுளே."

அன்றைக்குத் தெருவுக்கு அதுவும் தெரிந்தது.

விஷயம் இதுதான். நந்தகுமாருக்கு விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சின்னதாக ஒரு கம்பெனி. கப்பு சாசர், ஊறுகாய் ஜாடி, சித்திரையிலிருந்து நவராத்திரி பொம்மை. ஐந்து வருடத்துக்கு முன் கம்பெனிக் கடிதங்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வீட்டில் வைத்தார். வாங்கினது அவர், தட்டினது அமுதவள்ளி. விடிகாலையில் எழுந்து இரண்டு பிள்ளைகளைக் கிளப்பி, மூன்று விதமான டிபன் கட்டி, சொர்ணாம்பாளுக்கு உப்பில்லாமலும் மற்றவர்களுக்கு உப்போடும் சமைத்து, கம்பெனியிலிருந்து வரும் பொம்மைகளுக்குக் கண் எழுதி, கடைக்காரர்களுக்குக் கடிதம் அடித்து முடித்தால் மணி இரண்டே முக்கால். மூன்றேகாலுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். நடுவில் இருக்கிற அரை மணி நேரம் அவளுடையது.

அந்த அரை மணியில்தான் அவள் வலைப்பதிவு எழுதினாள். பெயரும் 'அரை மணி' என்றுதான். 2006இல் தொடங்கி இரண்டு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு பதிவு. தேங்காய் மூடி காணாமல் போனது, சின்னவன் பென்சிலை விழுங்கியதாகச் சொல்லி எல்லாரையும் ஓடவிட்டது, நூறு மீனாட்சிக்குக் கண் எழுதினபின் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தது. துபாயில் ஒரு நர்ஸ் தவறாமல் படித்தாள். 'கரும்பன்' என்று ஒருத்தர் ஒவ்வொரு பதிவுக்கும் 'அருமை' என்று மட்டும் பின்னூட்டம் போட்டார். முகம் தெரியாத ஒரு பெண், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒருநாள் கேட்டிருந்தாள். அமுதவள்ளி அதை ஏழெட்டுத் தடவை படித்தாள். அந்த வீட்டில் அவளிடம் கேட்கப்படும் கேள்வி "சாப்பாடு ஆச்சா?" என்பது ஒன்றுதான்.

ஊர் பேர், ஆள் பேர் எதையும் அவள் போடவில்லை. புருஷன் 'முதலாளி'. மாமியார் 'மேலிடம்'. நாத்தனார் பானுமதி 'இளவரசி'. இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவள், ஒரு போட்டோவில் கோட்டை விட்டாள்.

ஆனி மாதம் பானுமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். இது நான்காவது இடம். மாப்பிள்ளை சேரன், பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் கிளார்க். தாய் தகப்பன் இல்லை, வளர்த்தவள் அத்தை காசியம்மாள். இந்தக் காசியம்மாள் பதினெட்டு வருடம் இதே பேட்டையில் சரக்குப் பார்த்து எடுக்கிற வேலை செய்தவள். பேட்டையில் சின்ன கம்பெனிகளுக்கெல்லாம் பொதுவில் ஒரே சூளை. பத்துப் பேர் சரக்கு ஒரே நெருப்பில் வேகும். வெந்து வந்தபின் எது எவனுடையது என்று தெரியவேண்டுமே. அதற்காக ஒவ்வொருத்தரும் அடியில் நீல மையால் ஒரு குறி போடுவார்கள். நந்தகுமாருடையது வெற்றிலை. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு எந்த வீட்டில் காபி கொடுத்தாலும், குடித்ததும் கப்பைக் கவிழ்த்து அடியைப் பார்க்காவிட்டால் கை ஊறும்.

காசியம்மாள் ஏழு பஜ்ஜி சாப்பிட்டாள். காபி குடித்தாள். கப்பைக் கவிழ்த்தாள், இலையைப் பார்த்தாள், தலையாட்டினாள். கப்பை வைத்த கையோடு பானுமதியை நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் திரும்பி நில்லும்மா" என்றாள். இருபத்தேழு வயசுப் பெண் கூடத்தின் நடுவில் திரும்பி நின்றாள். அடுப்படியில் கரண்டியோடு நின்ற அமுதவள்ளிக்கு எண்ணெய் கொதித்ததா தான் கொதித்தோமா என்று தெரியவில்லை.

மறுநாள் இரண்டே முக்காலுக்கு எல்லாவற்றையும் எழுதினாள், பஜ்ஜிக் கணக்கு உட்பட. கூடவே, பொம்மைகளைப் படம் எடுக்க வைத்திருந்த கேமராவில் அந்தக் கப்பைக் கவிழ்த்து வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டாள். நடுவில் நீலமாக வெற்றிலை. விருத்தாசலத்தில் வீட்டு விலாசத்தை எழுதியிருந்தால்கூட நாலு பேர் தேடித்தான் கண்டுபிடித்திருப்பார்கள்.

சேரன் அதை ஆபீஸில் படித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போய் அத்தையிடம் காட்டினான். அத்தை சிரிக்கவில்லை. புதன்கிழமை நந்தகுமாருக்குப் போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம வரேன். அதுக்குள்ள அது அழிஞ்சிருக்கணும். இல்லன்னா பரிசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏழு பஜ்ஜியாம். நான் தின்னது அஞ்சு."

அந்தப் போனை வைத்த கையோடு தொடங்கின சண்டைதான் மேலே கேட்டது.

வியாழக்கிழமையும் நடந்தது. நந்தகுமார் பாஸ்வேர்டைக் கேட்டார், அவள் சொல்லவில்லை. பிள்ளைகள் பேரைப் போட்டுப் பார்த்தார், அம்மா பேரைப் போட்டுப் பார்த்தார், தன் பேரைக்கூட நம்பிக்கையோடு போட்டுப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை. அவர் பி.காம். படித்தவர், யோசித்தார். கம்பெனிக் கடிதமெல்லாம் பெட்டிக்குள்தானே இருக்கிறது? அப்படியானால் இவள் எழுதினதும் அதே பெட்டிக்குள்தானே இருக்கவேண்டும்?

வெள்ளிக்கிழமை அவள் பிள்ளைகளை வேன் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது மேஜையில் டி.வி. மாதிரி இருக்கிற பாகம் மட்டும் இருந்தது. கீழே இருந்த பெட்டியைக் காணோம். மதியம் நந்தகுமார் முழங்கை வரை வெள்ளையாக வந்தார்.

"முடிஞ்சுது. பெட்டியக் களிமண் கரைக்கிற தொட்டில முக்கிட்டேன். இனிமே எவன் படிக்கிறான்னு பாக்கறேன்."

சொர்ணாம்பாள் மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

அமுதவள்ளி சாம்பார்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நவராத்திரி ஆர்டர் எதுல இருந்துச்சு?"

அவர் கையில் காய்ந்திருந்த வெள்ளையைச் சுரண்டினார்.

"எந்தக் கடைக்கு எந்த செட்டு, எந்தப் பொம்மைக்கு எந்தக் கலரு சேல, அஞ்சு வருசத்துக் கடிதம், எல்லாம் எதுல இருந்துச்சு?"

"திரும்ப எழுதிக்கலாம்."

"சின்னவன் தவழ்ந்த போட்டோ எதுல இருந்துச்சு? அவன் மொத மொத நின்னது? பெரியவளுக்கு மொட்ட போட்டது? அதயும் திரும்ப எழுதிக்கலாமா?"

அவர் கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அந்த வீட்டுக்கு வசதியாக இருந்திருக்கும், எல்லாரும் சமாதானம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, மீதி இருந்த பொம்மைகளை எடுத்து வைத்துக்கொண்டு கண் எழுதினாள். அன்றைக்கு எழுதின லட்சுமிகளையெல்லாம் தனியாக எடுத்து வைக்கவேண்டி வந்ததாம். அந்த முறைப்பில் எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான்.

ஆனால் பெட்டிக்குள் பதிவு இல்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காய் வாங்கப் போனவள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஏறினாள். கத்தரிக்காய்க் கூடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எழுதினாள். கம்ப்யூட்டரைக் களிமண்ணில் குளிப்பாட்டினதை எழுதினாள். தவழ்ந்த போட்டோவை எழுதினாள். எழுதி முடித்து, 'முதலாளி' என்று போட்ட இடத்திலெல்லாம் நந்தகுமார் என்று மாற்றினாள். கீழே, முதல் தடவையாக, 'அமுதவள்ளி, விருத்தாசலம்' என்று போட்டாள். பிறகு கத்தரிக்காயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காசியம்மாளும் சேரனும் வந்தார்கள். அதே கூடம், அதே கப்பு. பஜ்ஜி மட்டும் இல்லை.

"அழிச்சாச்சுங்க" என்றார் நந்தகுமார். "கம்ப்யூட்டரையே அழிச்சுட்டேன்."

சேரன் தரையைப் பார்த்தபடி, "இல்லீங்க, நேத்து புதுசா ஒண்ணு வந்துருக்குது" என்றான்.

"எங்க வந்துருக்குது? பெட்டிதான் தொட்டில கெடக்குதே."

"அது பெட்டில இருக்காதுங்க. எந்த ஊர்ல எந்தக் கம்ப்யூட்டர்ல தொறந்தாலும் இருக்கும். பெட்டி சும்மா எழுதறதுக்குத்தான்."

நந்தகுமார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் இன்னும் வெள்ளை இருந்தது.

"புதுசுல என்னடா எழுதியிருக்குது?" என்றாள் காசியம்மாள்.

"பேரு போட்டுருக்காங்க, அத்த. நெசப் பேரு."

"என் பேருமா?"

அடுப்படியிலிருந்து அமுதவள்ளி வந்து நடுக்கூடத்தில் நின்றாள். "உங்க பேரு இல்லீங்க. எங்க வூட்டுப் பேரு மட்டுந்தான். ஆனா ஒண்ணு. நான் எழுதுனதுல ஒரு பொய்யி இருக்குதுன்னு யாராவது காட்டுங்க. இங்கயே அழிக்கிறேன். இருநூத்திப் பதினஞ்சையும் அழிக்கிறேன்."

"அமுதா, உள்ள போ" என்றார் நந்தகுமார்.

"நீங்களும் காட்டலாம்."

அவர் வாயை மூடிக்கொண்டார். சொர்ணாம்பாளுக்குச் சர்க்கரை ஞாபகம் வந்திருக்கவேண்டும், அவளும் பேசவில்லை.

"பஜ்ஜி அஞ்சுதான் தின்னேன்" என்றாள் காசியம்மாள்.

"உங்க தட்டுல எட்டு வெச்சேன். ஒண்ணு திரும்பி வந்துச்சு. அத நான்தான் தின்னேன். அன்னிக்கு மத்தியானம் எனக்கு அதுதான் சாப்பாடு."

"சரி, அத வுடு. கப்ப கவுத்துப் பாத்தேன்னு போட்டோ போட்டிருக்கியே, அது பொய்யி இல்லாம என்னா? நான் என்ன சரக்கு எடுக்கவா வந்தேன்? பெரிய மனுஷி, பொண்ணு பாக்க வந்த எடத்துல கப்ப கவுத்துப் பாப்பனா?" கோபத்தில் ஒரே மூச்சில் மீதிக் காபியைக் குடித்தாள். "எவ வூட்டுலயும் நான் அப்படிச் செஞ்சதே..."

கை தானாகத் திரும்பியது. கப்பு கவிழ்ந்தது. காசியம்மாளின் கண் அடிக்குப் போனது. அங்கே இலை இருந்தது.



முதலில் சிரித்தது பானுமதி. கதவோரம் நின்று, வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "என்னத் திரும்பி நிக்கச் சொன்னதாச்சும் பொய்யா, சொல்லுங்க?"

காசியம்மாள் கப்பை நிமிர்த்தி வைத்தாள்.

அமுதவள்ளி சேரன் பக்கம் திரும்பினாள். "நீங்க எத்தன நாளா படிக்கிறீங்க?"

"ஆரம்பத்துலேர்ந்துங்க."

"கரும்பன்னு வந்து அருமை அருமைன்னு எழுதறது நீங்கதான?"

அவன் காது சிவந்தது.

"இருநூறு தடவ எழுதுனீங்க. இப்ப உங்க அத்த அத அழிக்கச் சொல்றாங்க. ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

சேரன் அத்தையைப் பார்த்தான். பிறகு கவிழ்ந்து நிமிர்ந்த அந்தக் கப்பைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை.

"அண்ணி அழிக்க வேணாம்" என்றாள் பானுமதி, நந்தகுமாரிடம். "எனக்கு இந்த எடமும் வேணாம்ண்ணா."

வந்தவர்கள் ஆட்டோ பிடித்துப் போனார்கள். ஆட்டோ திரும்பும்வரை தெருவில் எந்த வாசலும் காலியாக இல்லை.

அந்த நவராத்திரிக்கு நந்தகுமார் கடை கடையாகக் கைப்பட எழுதி, நீங்கள் என்ன கேட்டிருந்தீர்கள் என்று கேட்கவேண்டி வந்தது. கும்பகோணத்துக் கடைக்குப் பதினோரு பசு போய்ச் சேர்ந்தது, கண்ணன் போகவில்லை.

சேரனுக்கு அடுத்த தையில் கருவேப்பிலங்குறிச்சியில் கல்யாணம் ஆனது. போய் வந்தவர்கள் சொன்னார்கள், காபி முழுக்கப் பேப்பர் கப்பில்தானாம்.

பானுமதி திருச்சிக்குப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பது வயதில் அங்கேயே எக்ஸ்ரே எடுக்கிற ஜெயராஜைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன் என்று நாலு மாதம் பேசாமல் இருந்த சொர்ணாம்பாள், ஐந்தாம் மாதம் முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அமுதவள்ளி பிள்ளைகள் படிப்புக்கென்று பாண்டிச்சேரிக்குக் குடி போனாள். அங்கே ஒரு அச்சகத்தில் வேலை. நந்தகுமார் கம்பெனியை விடமுடியாமல் இங்கேயே இருந்துகொண்டு சனிக்கிழமை பஸ்ஸில் போய் வருகிறார். சாமான் ஏற்றின அன்று அவளுடைய புதுக் கம்ப்யூட்டர் பெட்டியை அவர்தான் தூக்கி வேனில் வைத்தார், இரண்டு கையாலும், யாரையும் தொடவிடாமல். ஆனாலும் அந்தப் போட்டோக்களுக்காக அவள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று என்னை யாரும் கேட்கவேண்டாம். தெரு முழுக்க இப்போது 'அரை மணி' படிக்கிறது.